பூ ஓரத்தை எடுத்துவிடுங்கள், டீச்சர்

கேள்வி: ஏற்காட்டு மலைக் கிராமப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை நான். அங்கே பார்த்த பிள்ளைகள், பெற்றோர், காப்பி பறிப்புக் காலம், மழைக்காலம் பற்றி 42 கட்டுரைகள் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 34,000 சொற்கள் இருக்கும் என்கிறான் என் பேரன். சேலத்தில் ஒருவர் தட்டச்சு செய்து, எல்லாப் பக்கங்களுக்கும் பூ வேலைப்பாடு கொண்ட ஓரம் வைத்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பேரனின் கணினியில் திறந்தால் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. புத்தகத்தை நானே வெளியிட நினைக்கிறேன். முழுவதும் வழவழப்பான தாளில், 60 வண்ணப் படங்களோடு, 1000 பிரதிகள் போடலாம் என்று மருமகன் சொல்கிறார். கிண்டிலில் மின்னூலாகவும் வர வேண்டும் என்பது பேரனின் ஆசை. எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, ஏற்காடு

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கங்களைப் படித்தேன். பலாப்பழக் காலத்தில் வகுப்பில் பாதிப் பேர் காணாமல் போகும் கட்டுரை பிரமாதம். அதைப் படிக்கும்போது என் கண் நான்கு முறை அந்தப் பூ ஓரத்தில் போய் நின்றது. முதலில் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகைக்கு அது பொருந்தும், அங்கே படிக்க வேண்டியது பத்து வரிதான். இருநூறு பக்கம் படிக்கப் போகிறவருக்கு அது தொல்லை. தவிர, பக்கத்தில் எழுத்துக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சென்டிமீட்டரை நான்கு புறமும் அது தின்றுவிடுகிறது.

அந்த ஆங்கில எழுத்துக் குழப்பம்தான் உங்கள் உண்மையான சிக்கல். உங்கள் தட்டச்சர் பாமினி வகையைச் சேர்ந்த பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். அப்படிப்பட்ட கோப்புக்குள் கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். குறிப்பிட்ட எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் மட்டும் அவை தமிழாகத் தெரியும். பேரனின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அச்சுக்கு மட்டும் போவதாக இருந்தால் இதை வைத்தே சமாளித்துவிடலாம், சேலத்திலும் சிவகாசியிலும் இன்றைக்கும் சமாளிக்கிறார்கள். ஆனால் கிண்டிலுக்கு இது உதவாது. ஐந்து ஆண்டு கழித்து இரண்டாம் பதிப்பு போட நினைத்தாலும் உதவாது. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் புத்தகமும் யூனிகோடுக்கு மாற வேண்டும். வடிவமைப்பு, அட்டை, தாள் எல்லாம் அதற்குப் பிறகு.

மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சில நொடிகளில் மாற்றிவிடும். மாற்றிய பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. பாமினியில் கால்புள்ளி விசையில் ‘இ’ இருக்கிறது. தட்டச்சர் எங்கேயாவது எழுத்துருவை மாற்றி மாற்றி அடித்திருந்தால், கால்புள்ளி வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘இ’ வந்து உட்கார்ந்திருக்கும். இடையே வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாக மாறியிருக்கும். மேற்கோள் குறிகள் வேறு எழுத்துகளாகியிருக்கும். இன்னொரு பழைய வியாதி உண்டு. துணைக்காலுக்குப் பதில் ரகரத்தையே அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய எழுத்துருவில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. யூனிகோடில் அது ‘கரப்பி’ என்று பல்லிளிக்கும். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும் இதே ரகம். கணினியில் பிழைதிருத்தி இருக்கிறதே என்று பேரன் சொல்வான். நம்பாதீர்கள். நீங்கள் ஆயிரக்கணக்கான தேர்வுத் தாள் திருத்தியவர். தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள்.

அப்படி உட்காரும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களிலேயே ‘காப்பி’யும் வருகிறது, ‘காபி’யும் வருகிறது. மலையின் பெயர் ஓரிடத்தில் சேர்வராயன், இன்னோரிடத்தில் ஷெவராய். ஊர்ப் பெயர்களையும் எண்களையும் எப்படி எழுதப் போகிறீர்கள் என்று ஒரு முறை முடிவு செய்து நோட்டில் குறித்துவிட்டால், வடிவமைப்பவருக்கும் அதையே கொடுத்துவிடலாம். பாத்திரங்கள் பேசும் மலைப் பேச்சில் கை வைக்க வேண்டாம். அது பிழையல்ல என்றும் அந்த நோட்டிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆர்வமுள்ள யாராவது திருத்திவிடுவார்கள்.

வேர்டு கோப்பில் இன்னொரு ஒழுங்கு வேண்டும். கட்டுரைத் தலைப்புகளைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தாக்கி வைத்திருக்கிறார் உங்கள் தட்டச்சர். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கு அது வெறும் தடித்த எழுத்து. அதற்குப் பதிலாக ‘ஸ்டைல்’ பகுதியில் தலைப்பு என்று குறித்துவிட்டால் பொருளடக்கம் தானாக உருவாகும். மின்னூலில் தலைப்பைத் தொட்டதும் அந்தக் கட்டுரை திறப்பதும் இதனால்தான். அடுத்த பக்கம் வருவதற்காக எண்டர் விசையை இருபது முறை தட்டியிருப்பது, பத்தி தொடக்கத்தில் இடைவெளி விசையை ஐந்து முறை தட்டியிருப்பது எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். பேரனுக்கு ஒரு மாலை வேலை.

இனி பக்கம்.

நம் ஊரில் புத்தகக் கடைகளில் பார்க்கும் கட்டுரை நூல்களில் பெரும்பாலானவை டெமி அளவு, அதாவது சுமார் 14 × 21.5 சென்டிமீட்டர். உங்கள் புத்தகத்துக்கும் அதுவே சரி. புதுமையாகச் சதுரமாகச் செய்யலாம் என்று யாராவது சொன்னால், வெட்டி வீணாகும் தாளுக்கும் நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். பழைய தமிழ் நூல்களின் விவரப் பக்கத்தில் ‘தாள் 18.6 கி.கி.’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 23 × 36 அங்குலத் தாள் 500 கொண்ட ஒரு ரீமின் எடை அது. கணக்குப் போட்டால் 70 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாளுக்கு 70 கிராம் வருகிறது. அந்தத் தாளைப் பதினாறாக மடித்தால் டெமி. தாளின் அளவிலிருந்தே பிறந்த அளவு என்பதால்தான் இது மலிவு.

உள்ளோரம் 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பசை போட்டுக் கட்டிய புத்தகம் தட்டையாக விரியாது. ஓரம் குறைந்தால் வரியின் கடைசிச் சொல் பள்ளத்துக்குள் போய்விடும். எழுத்து 11 புள்ளி (பாயிண்ட்), வரிக்கு வரி 15.5 புள்ளி. இந்த இரண்டாவது எண்ணில் அச்சகத்தார் கை வைக்கப் பார்ப்பார்கள். வரியை நெருக்கினால் பக்கம் குறையும், செலவு குறையும் என்பார்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்து மேலும் கீழும் அதிகம் கை நீட்டும். மேலே கீ, டி. கீழே ஞு, ழு, ணு. நெருக்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொண்டையும் இடித்துக்கொள்ளும். உங்கள் வாசகர்களில் பாதிப் பேராவது உங்கள் வயதுக்காரர்களாக இருப்பார்கள். அவர்களுக்காகவாவது விட்டுக்கொடுக்காதீர்கள். எழுத்து அளவை 14 ஆக்குவது இதற்கு மருந்தாகாது. வரிக்கு நான்கைந்து சொல்தான் நிற்கும், கண் ஓடியாடிக் களைத்துவிடும்.

இந்த அளவில் வரிக்கு ஆறு சொல், பக்கத்துக்கு 31 வரி, பத்தி முடிவுகளில் போகும் இடம் போக ஏறக்குறைய 170 சொல் நிற்கும். உங்கள் 34,000 சொல்லுக்கு 200 பக்கம். தலைப்புகளுக்கு விடும் இடமும் முன்பக்கங்களும் சேர்த்து 224 வைத்துக்கொள்வோம். ஒன்றாகச் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கங்களைப் பாரம் என்பார்கள். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் சரியாக 14 பாரம். 227 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட வேண்டும், மீதி வெறுமையாகக் கிடக்கும். அந்த நிலை வந்தால் சில கட்டுரைகளில் ஒவ்வொரு பத்தியைக் குறைப்பது நல்லது. வரியிடைவெளியைக் குறைப்பது கெடுதல்.

வரிகளை இருபுறமும் ஒட்டச் செய்வது பற்றிக் கேட்டிருக்கவில்லை, ஆனால் உங்கள் மாதிரியில் அதுதான் அடுத்த உறுத்தல். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குப் போய்விட, முந்தைய வரியில் மிஞ்சிய மூன்று சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கின்றன. வேர்டு செய்வது இதுதான், தமிழ்ச் சொல்லை உடைக்க அதற்குத் தெரியாது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் சொல்லை இடையில் உடைத்து, இணைப்புக் குறிகூடப் போடாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். யாருக்கும் இடறியதில்லை. இரண்டு கட்டுப்பாடு போதும். அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது, வரியின் முதலிலோ கடைசியிலோ ஓரெழுத்து மட்டும் தனியாக நிற்கக் கூடாது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேலை செய்பவரிடம் கொடுத்தால் இதைச் செய்ய முடியும். அவர் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ அமைப்பைப் பயன்படுத்துகிறாரா என்று மட்டும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் யூனிகோடுத் தமிழில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கேள்வியே புரியாமல் விழித்தால் வேறு ஆள் பாருங்கள். சொல்லை உடைக்கத் தயங்குகிறவர் கிடைத்தால், இடப்புறம் மட்டும் ஒட்டவிட்டு வலப்புறத்தை ஏற்ற இறக்கமாக விட்டுவிடச் சொல்லுங்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஓட்டைகளைவிட அது எவ்வளவோ மேல்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது மீரா இனிமை. இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, புத்தகத்திலும் மின்னூலிலும் தயங்காமல் பயன்படுத்தலாம். தலைப்புக்கு முக்தா மலர் நன்றாக இருக்கும். ஒரு புத்தகத்துக்கு இரண்டு எழுத்துரு தாராளம். பிள்ளைகளின் கடிதங்களைச் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக வரையப்பட்டிருக்காது. மென்பொருள் நேரெழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. கடிதங்களை இருபுறமும் சற்று உள்ளே தள்ளி, அரைப் புள்ளி சிறிதாக வையுங்கள். தடித்த எழுத்தைத் தலைப்போடு நிறுத்துங்கள். ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் மைக்குள் அடைத்துப் போகும். ஆச்சரியக்குறி ஒன்று போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். உங்கள் தட்டச்சருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மருமகனிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். 224 பக்கம் என்பது 112 தாள். டெமி அளவில், 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாளில் அட்டையோடு சேர்த்து ஒரு பிரதி சுமார் 255 கிராம். அவர் சொல்லும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில், 130 ஜி.எஸ்.எம். என்று வைத்தால்கூட 450 கிராமைத் தாண்டும். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசும், தபால் செலவும் கூடும். சற்றே மஞ்சள் கலந்த நேச்சுரல் ஷேட் தாள் கிடைத்தால் வெள்ளையைவிட நல்லது. உள்ளே கட்டுரைகளுக்கு அந்தத் தாள். படங்களுக்கு மட்டும் எட்டுப் பக்க ஆர்ட் பேப்பர் பகுதி நடுவில் சேர்க்கலாம்.

எட்டுப் பக்கத்தில் 60 படம் எப்படி என்று கேட்பார். பதினைந்து படம் போதும். நீங்கள் அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறி வந்தவை. 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சிட 1200 பிக்சல் வேண்டும், சுருக்கப்படாமல் வேண்டும். அசல் யாரிடம் இருக்கிறதோ அவரை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய பள்ளிக்கூடப் படங்களைக் கைபேசியில் படம் எடுக்க வேண்டாம். சேலத்துக்கு எடுத்துவந்து 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். முகம் தெரியும் மாணவர்கள் இன்றைக்குப் பெரியவர்களாகியிருப்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். கிளியூர் அருவியும் பகோடா பாயிண்டும் வேண்டவே வேண்டாம், சுற்றுலா வந்த அத்தனை பேரிடமும் அந்தப் படங்கள் இருக்கின்றன. உங்களிடம் மட்டும் இருப்பது அந்த ஓட்டுக் கொட்டகை வகுப்பறைப் படம்.

படங்களைக் குறைத்து மிஞ்சும் பணத்தில் ஒரு வரைபடம் போடச் சொல்வேன். நாகலூர், செம்மடுவு, வாழவந்தி, மஞ்சக்குட்டை என்று நீங்கள் நடந்துபோன ஊர்கள் சேலத்துக்காரர்களுக்கே திசை தெரியாதவை. கோட்டுப் படமாக, கறுப்பு மையில், முதல் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு பக்கம். சாதாரணத் தாளிலேயே தெளிவாக விழும்.

முன்பக்கங்களைப் பற்றிக் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாழ்த்துரை மூன்று, அணிந்துரை இரண்டு, அவற்றை எழுதியவர்களின் படங்கள், பிறகு என்னுரை, நன்றியுரை என்று 22 பக்கம் திட்டமிட்டிருக்கிறீர்கள். கடையில் புத்தகத்தைப் புரட்டுகிறவர் உங்களைச் சந்திப்பதற்கு முன் ஐந்து பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். பலாப்பழக் கட்டுரையை யாரோ ஒருவர் முன்னாலேயே சுருக்கிச் சொல்லிவிடவும் செய்வார். மரியாதைக்காகக் கேட்டுவிட்டீர்கள், எழுதியும் கொடுத்துவிட்டார்கள் என்றால், ஒன்றை மட்டும் முன்னால் வைத்து மற்றவற்றிலிருந்து இரண்டிரண்டு வரி எடுத்துப் பின்னட்டையில் போடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பின்னட்டையைத்தான் எல்லோரும் முதலில் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்கு யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாக வழங்குகிறது. ஆசிரியரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். நாள் பிடிக்கும் என்பதால் பிழை திருத்தும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். புத்தகம் வந்ததும் 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் மும்பை, டெல்லியில் உள்ள இரண்டு நூலகங்களுக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடுபவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள்.

1000 பிரதிகள் வேண்டாம். தகடு வைத்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் அந்தத் தகடு செய்யும் செலவு ஒரே செலவு, பிரதி கூடக்கூட ஒன்றின் அடக்க விலை குறைவது உண்மைதான். ஆனால் விற்காத பிரதிக்கு அடக்க விலை என்று ஒன்று கிடையாது, அது முழு நட்டம். 300 போடுங்கள். அந்த எண்ணிக்கை டிஜிட்டல் அச்சுக்கும் ஆஃப்செட்டுக்கும் எல்லைக்கோட்டில் நிற்கும், இரண்டுக்கும் விலைப்புள்ளி வாங்குங்கள். யூனிகோடுக் கோப்பு கையில் இருந்தால் தீர்ந்தபின் 50, 100 என்று எப்போது வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். சேலம் புத்தகத் திருவிழாவுக்கு முன்பாக ஒரு நூறு போட்டுக்கொள்வது போல.

அச்சானதும் பெட்டிகளை மேலே கொண்டுபோக வேண்டாம். படப் பக்கங்களும் சேர்த்து 300 பிரதி சுமார் 80 கிலோ. எடை பெரிதில்லை, ஏற்காட்டுப் பனிதான் பிரச்சினை. அட்டையின் வெளிப்புறத்தில் லேமினேஷன் இருக்கும், உட்புறத்தில் இருக்காது. உட்புறம் ஈரத்தை உறிஞ்சி விரியும், வெளிப்புறம் விரியாது, அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். மழைக்காலத்தில் உள்தாளில் பூஞ்சையும் பிடிக்கும். சேலத்தில் உறவினர் வீட்டில் தரையைத் தொடாமல் பலகை மேல் அடுக்கி வைத்துவிட்டு, தேவைக்கு இருபது இருபதாக எடுத்துப் போங்கள்.

மின்னூலுக்கு நான் மேலே சொன்ன பக்க அளவு, புள்ளி அளவு, வரியிடைவெளி எதுவும் செல்லாது. படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்குவார், சிறிதாக்குவார், அதற்கேற்ப வரிகள் ஓடும். அதனால் அச்சுக்குச் செய்த பி.டி.எஃப்.பை அப்படியே ஏற்ற வேண்டாம் என்று பேரனிடம் சொல்லுங்கள். திருத்தி ஒழுங்குபடுத்திய அந்த வேர்டு கோப்பிலிருந்து இ-பப் என்ற மின்னூல் கோப்பு தயாரிக்க வேண்டும். பக்க எண்கள் கூடாது. படங்களைச் சிறிதாக்கிச் சேர்க்க வேண்டும், கிண்டிலின் 70 சதவீத உரிமைத்தொகைத் திட்டத்தில் கோப்பின் எடைக்கும் கட்டணம் பிடிப்பார்கள். வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் கைபேசித் திரையில் படிக்கக் கிடைக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

அட்டையைப் பற்றி இப்போது பேச வேண்டாம், பக்க எண்ணிக்கை உறுதியானால்தான் முதுகின் அகலமே தெரியும். யூனிகோடுக்கு மாற்றியதும் பலாப்பழக் கட்டுரையை மட்டும் டெமி அளவில் வடிவமைக்கச் சொல்லி, அளவு மாற்றாமல் அச்செடுத்து வாங்குங்கள். உங்கள் பழைய மாணவர் யாராவது ஒருவரிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பென்சிலில் குறித்து அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள்.